மூன்று சாக்கு டீச்சர்

சாக்குகளை உதறிக்கொண்டிருக்கிறார் இன்பமேரி டீச்சர். காப்பிக்கொட்டை கட்டி வந்த பழைய சாக்குகள். எத்தனை முறை துவைத்தாலும் வாசம் போவதில்லை. மஞ்சக்குட்டைச் சிற்றாலயத்தை ஒட்டிய சின்ன அறை, சனிக்கிழமைக் காலை. ஒவ்வொரு உதறலுக்கும் வாசலில் நிற்கும் பனிமூட்டம் கொஞ்சம் விலகி, மறுபடி வந்து எட்டிப் பார்க்கிறது. மூன்று சாக்குகளையும் சிமெண்டுத் தரையில் வரிசையாக விரிக்கிறார். மூன்றாவதின் மூலை கிழிந்து சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. அதை மட்டும் இரண்டு தரம் நீவிவிடுகிறார்.

"வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கியே கெடக்கட்டும். கோவத்த மட்டும் கொண்டாங்க, அது நமக்கு வேணும்."

ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களுக்கு முன்னால், எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் ஒரு தியான இல்லத்தில், கோடைகாலத்தில், மனக்கஷ்டத்தில் இருப்பவர்களை ஆற்றுப்படுத்தும் பயிற்சி நடந்தது. உடன் படித்தவர்கள் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியதோடு சரி. டீச்சர் மட்டும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவருக்குள்ளும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். பெற்றவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர் ஒருவர். நிதானமாக விவரம் கேட்கிறவர் ஒருவர். பயந்துகொண்டும் அடம்பிடித்துக்கொண்டும் கிடக்கிற பிள்ளை ஒன்று. வாயைத் திறக்கும்போது யார் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. இதுதான் டீச்சருடைய மொத்தச் சரக்கு.

பயிற்சியில் இதற்கு மூன்று நாற்காலிகள் போடுவார்களாம். சனிக்கிழமைகளில் வீட்டுச் சண்டையோடு வருகிறவர்களுக்கு டீச்சரும் போட்டார். முதலில் வந்தவர் பொன்னுவேல், மேட்டுக்காட்டில் ராகி விதைக்கிறவர். முதல் நாற்காலியைக் காட்டி இது அப்பா நாற்காலி என்றதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "எங்கப்பன் உசுரோட இருக்கறாருங்க. அவரு நாக்காலில நான் எப்பிடிங்க உக்கார்றது?" கணவர் நிற்கும்போது அவர் மனைவி அத்தாயி எங்கே உட்காருவது? இருவரும் நின்றபடியே சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை நாற்காலிகள் கோயிலுக்குத் திரும்பின, சாக்குகள் வந்தன. சாக்கில் உட்கார யாருக்கும் கூச்சமில்லை. அப்பனாத்தா சாக்கு, நெதானச் சாக்கு, புள்ளச் சாக்கு என்று பெயரும் அவர்களே வைத்துவிட்டார்கள்.

பொன்னுவேல் வீட்டுச் சண்டை இவ்வளவுதான். அவர் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு, "மம்முட்டி எங்க?" என்பார். அத்தாயி, "எல்லாத்தயும் நாந்தான் கண்டுபுடிச்சுக் குடுக்கோணுமா?" என்பாள். பிறகு அடுப்பு அணைந்துவிடும். டீச்சர் நடுச் சாக்கில் உட்கார்ந்து அதையே பேசிக் காட்டினார். "அவரு இந்தச் சாக்குல இருந்து கேக்கறாரு. நீ அந்தச் சாக்குக்குத் தாவி அம்மாவாட்டம் வய்யற. இங்கிருந்தே பதில் சொல்லு பாக்கலாம்." அத்தாயி நகர்ந்து உட்கார்ந்து, நெடுநேரம் யோசித்து, "ஆட்டுக்கொட்டாயில இருக்குது" என்றாள். பதில் அவ்வளவு சின்னது என்பதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செய்து காட்டும்போது டீச்சர் முதல் இரண்டு சாக்குகளில் உட்காருவார். பத்திரிகைக்கு எழுத வாராவாரம் வந்துபோகிற நான், அவர் மூன்றாவதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். மற்ற இரண்டில் உட்காரும்போது அந்த முழங்கால் எங்கே போகிறதோ!

"இப்பப் பேசுனது ஆரு?" என்பது அவருடைய வாய்ப்பாடு. பால்காரரிடம் கேட்பார், உபதேசியாரிடம் கேட்பார். காப்பி ஆறிப்போயிற்று என்று நான் முனகியபோது என்னிடமும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் முனகியது ஐம்பது வயதுப் பத்திரிகைக்காரன் இல்லை, அம்மா ஊருக்குப் போன வீட்டில் நிற்கிற சின்னப் பையன். இந்த மலையில் அந்தக் கேள்விக்குத் தப்பியவர்கள் குறைவு.

இன்னொன்றும் சொல்லுவார். "நல்ல வார்த்த கெடைக்காட்டி வசவயாச்சும் வாங்கிக்குவான் மனுசன். அதாச்சும் மேல படுதில்ல? ரெண்டும் இல்லாட்டித்தாங்க உள்ள காஞ்சு போயிருவான்." பயிற்சியின் எல்லாப் பாடங்களையும் எனக்கு இப்படி விளக்கியவர், கடைசிப் பாடத்தை மட்டும் தாண்டிப் போனார். நடக்கத் தெரியுமுன்பே பிள்ளைக்குப் பெற்றவர்கள் ஒரு கதை எழுதி வைத்துவிடுகிறார்கள். பிள்ளை ஆயுசு முழுக்க அதை நடிக்கிறது என்பது அந்தப் பாடம். ஏன் அதைச் சொல்லித் தருவதில்லை என்றேன். "அது இங்கத்த சனத்துக்கு வேண்டாங்க" என்றார்.

காரணம் பஸ்ஸில் இருந்தது. மஞ்சக்குட்டையிலிருந்து டீச்சர் வீடு இருக்கும் ஏற்காட்டுக்கு ஜீப் அடிக்கடி உண்டு. டீச்சர் ஏறமாட்டார். சாக்குகளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த ஒரு பஸ்ஸுக்காகவே நிற்பார். அதன் கண்டக்டர் ஏசுராஜ், அவருடைய ஒரே மகன். பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, பிறந்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்து பெற்ற பிள்ளை. சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் சேர்ந்தான், பாதியில் பெட்டியோடு வந்து, தனக்கு அழைத்தல் இல்லை என்றான். "உன்னயக் கோயிலுக்குத்தான் பெத்தேன், எனக்குப் பெக்கல" என்றார் டீச்சர். அவன் வாழவந்தியில் அறை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இவ்வளவுதான்.

"எங்கிங்க?"

"ஏற்காடு."

கேள்வியும் பதிலும் நடுச் சாக்கிலிருந்து நடுச் சாக்குக்கு. பாடப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்காது.

ஒரு சனிக்கிழமை வெள்ளையம்மாள் வந்தாள், தலைச்சோலையிலிருந்து. "ஏனுங் டீச்சர், எம்மவ பொறந்த அன்னிக்கே எந்தம்பி கையில குடுத்து, இவ உனக்குத்தாண்டான்னு சொன்னனுங்க. இப்ப வேண்டாங்கறா. பெத்தவ சொன்ன வாக்கு என்னாவறதுங்க?" முதல் சாக்கில் உட்கார்ந்து மகளைத் தீர வைது முடித்தாள். டீச்சர் வழக்கம்போலச் சிவப்பு நூல் போட்ட சாக்கைக் காட்டினார். "இப்ப இதுல உக்காந்து உம்மவளாப் பேசு."

வெள்ளையம்மாள் உட்கார்ந்தாள். நூலைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். வெளியே பனிமூட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவளிடமிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "கண்ணு முழிக்கறக்குள்ளயே எங்கதய முடிச்சுப்போட்டயே ஆத்தா. என்னய ஒரு வார்த்த கேட்டயா?"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். "இதாருங் டீச்சர் பேசுனது?"

அது டீச்சருடைய கேள்வி. வெள்ளையம்மாளைப் பார்க்காமல் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்டுக்குப் போயி அவ சொல்றதக் கேளும்மா. பதில் சொல்லாத. கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருட்டத் தொடங்கினார்.

பஸ் வந்தபோது பகல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நாங்கள் ஏறியதும் ஊர்ந்தது. ஒரு வளைவில் நின்றேவிட்டது. இப்படிப்பட்ட நாளில் கண்டக்டர்தான் இறங்கி டார்ச்சோடு முன்னால் நடப்பார், வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவர் வருவார். ஏசுராஜ் இறங்கினான். கண்ணாடிக்கு அப்பால் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மிதந்து போயிற்று. இடது பக்கம் பள்ளம் என்று எல்லோருக்கும் தெரியும். புள்ளி மங்கும்போதெல்லாம் டீச்சர் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்து எழுந்தார், தெரிந்ததும் உட்கார்ந்தார். ஒரு தடவை அது முழுக்க அணைந்தது. டீச்சரின் உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, ஜெபமாகத்தான் இருக்க வேண்டும். பிறகு வெளிச்சம் வந்தது.

பாதை தெளிந்த இடத்தில் ஏசுராஜ் ஏறினான். தலையிலிருந்து நீர் சொட்டியது. டிக்கெட் கட்டோடு எங்கள் இருக்கைக்கு வந்தான்.

"எங்கிங்க?"

"தலயத் தொடைடா. சளி புடிச்சுக்கும்."

அவன் கை நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தான். மலை முழுக்கத் தெரிந்த கேள்வி அவனுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்? மெதுவாகக் கேட்டான், குத்தலாகவா ஆசையாகவா என்று எனக்குத் தெரியவில்லை. "இப்பப் பேசுனது ஆருங்கம்மா?"

டீச்சர் மடியிலிருந்த சுருளைப் பிரித்தார். சிவப்பு நூல் போட்ட சாக்கை உருவி எடுத்து, எழுந்து, தான் இருந்த இடத்தில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"வெளிச்சம் காணாமப் போயிருச்சு சாமி" என்றார். "எனக்கு நொம்பப் பயமாப் போச்சு."

பின்னாலிருந்து யாரோ டிக்கெட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஏசுராஜ் திரும்பினான், நகர முடியவில்லை. அவன் தோல்பையின் வாரை டீச்சர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.