காணிக்காரி விட்ட அம்பு

எண்பத்தாறாம் ஆண்டுப் பனிக்காலம். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அகதிகள் தங்கியிருந்த வீட்டின் யன்னலருகே அறைத்தோழியோடு நின்றேன். வெளியே காட்டோரத்தில் ஒரு மான் பனியை முகர்ந்துகொண்டிருந்தது. வன்னியில் அம்மாவின் சீதனக் காணி கண்முன் விரிந்தது. அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

அப்போது நான் சின்னப் பிள்ளை. அப்பா மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தார். எங்கள் சாப்பாட்டுக்கென்று விளைந்த பயற்றை மான்கள் மேய்ந்து அழித்தன. வேட்டைக்காரக் குடும்பத்தில் பிறந்த அம்மா, மருள் செடியின் நாரில் திரித்த நாணை வில்லில் ஏற்றி, விடியப்புறம் என்னோடு பயற்றுக்குள் இறங்கினார். ஈரமண் மணத்தது. பனிப்புகாருக்குள்ளிருந்து கொம்புள்ள புள்ளிமான் ஒன்று மெல்ல வந்தது.

“மூச்சையும் மெதுவா விடு, பிள்ளை.”

நாண் அதிர்ந்தது தும்பி பறந்ததுபோலத்தான் கேட்டது. மான் சற்றுத் தூரம் ஓடி, முழங்கால் மடித்துச் சரிந்தது. அம்மா அதனருகே குந்தி, கழுத்தைத் தடவினார்.

மத்தியானம் அப்பா எழுந்திருந்து இறைச்சி ரசம் குடித்தார்.

“ஆர் விட்ட அம்பு?”

“காணிக்காரி விட்டது,” என்றார் அம்மா.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அறைத்தோழி கேட்டாள்: “அந்தக் காணி இப்பவும் உங்களிட்ட இருக்கோ அக்கா?”

“ஓம்,” என்றேன். “விட்டிட்டு வரமாட்டன் எண்டு அம்மா அங்கயே நிக்கிறா.”