வலப்பக்க இருக்கை

என் அக்காவுக்குப் பயம் வந்தால் முகத்தில் தெரியாது, கையில்தான் தெரியும். பதினைந்து வருடமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவள். மழையோ காற்றோ, தனியாகப் போனால் போன மாதிரியே திரும்பி வந்துவிடுவாள். பக்கத்தில் இன்னொருவர் ஓட்ட, தான் சும்மா இருக்க வேண்டும் என்றால் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

விமானப் பயிற்சியாளர் ஆவதற்கு அந்தச் சும்மா இருப்பதுதான் முக்கியப் பாடம். மாணவர் இடப்பக்கம், பயிற்சியாளர் வலப்பக்கம். இரண்டு பக்கமும் கன்ட்ரோல் உண்டு. மாணவர் தப்புச் செய்வார், செய்ய விட வேண்டும். ஆபத்து வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கன்ட்ரோலை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எந்தப் புண்ணியவானும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. அக்கா மாணவியாக இருந்தபோது அவளுடைய பயிற்சியாளர் அரை நொடி பிந்திவிட்டார். விமானம் ஓடுதளத்தில் மோதிய வேகத்தில் இவள் தோள் எலும்பு முறிந்தது. இன்றும் குளிர் நாளில் அந்தத் தோளைத் தேய்த்துக்கொண்டேதான் பேசுவாள்.

அதனால் முதல் தேர்வில் சொதப்பினாள். தேர்வாளர்தான் மாணவராக நடிப்பார். அவர் விமானத்தின் மூக்கை லேசாகத் தூக்கியதுமே இவள் கன்ட்ரோலைப் பிடுங்கிவிட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "இவர் மாணவரைப் பறக்க விடுவதில்லை" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வாய்ப்புதான். இரண்டாவதிலும் கோட்டை விட்டால் வலப்பக்க இருக்கையை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

நான் அதே பள்ளியில் மெக்கானிக். என் மகளும் அந்த மாதம்தான் அங்கே மாணவியாகச் சேர்ந்திருந்தாள், இன்னும் வகுப்பறைப் பாடம்தான். ஷெட்டில் அக்காவுக்கு 'பிடுங்கி' என்று பெயர் வைத்தது யார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

இரண்டாவது தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் ஷெட்டுக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலைல என்கூட வா தம்பி. நீதான் மாணவன்."

"எனக்கு ஓட்டத் தெரியாதேக்கா."

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

அந்த விமானத்தில் எந்த ஆணி எவ்வளவு பழசு என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அதில் ஏற எனக்குப் பிடிக்காது. ஏறினேன். மேலே போனதும் கீழே பார்க்காமல் மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்ட்ரோலைக் கைமாற்ற ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் "உன் கையில்" என்பார். வாங்குகிறவர் "என் கையில்" என்பார். கொடுத்தவர் இன்னொரு தடவை "உன் கையில்" என்பார். மூன்றும் சொல்லி முடியாமல் யாரும் கையை எடுக்கக் கூடாது.

ஓடுதளத்தை நோக்கி இறங்கத் தொடங்கியதும், விமானம் தானாகவே சீராக இறங்கும்படி எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, "இப்ப உன் கையில" என்றாள் அக்கா. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் கூப்பிட்டார்கள். அவள் பதில் சொல்லி முடித்து, கையிரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். நான் எதுவும் சொல்லவே இல்லை. பயத்தில் விரலைக் கன்ட்ரோல் மேல் போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லயேடா, பதட்டமே இல்லாம ஓட்டுறியே" என்றாள்.

"கிண்டல் பண்ணாதக்கா. நீதானே ஓட்டுறே?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காற்று எங்களை இடப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. எதிரே ஓடுதளம் இல்லை, உயரமான தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் ஏணிப் படிகளைக்கூட எண்ணியிருக்கலாம்.

"என் கையில" என்று மெதுவாகச் சொல்லி விமானத்தை மேலே ஏற்றினாள். ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். எஞ்சினை நிறுத்திய பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் கை இன்னும் கன்ட்ரோலை விடவில்லை.

"பிடுங்கினாலும் பயம், பிடுங்காம இருந்தாலும் பயம். நான் எப்படிடா இன்னொருத்தர் பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போவேன்?"

நான் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். தேர்வு நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வன்று ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் ஷெட் வாசலில் நின்றேன். விமானம் இறங்க வந்தது. இடப்பக்கம் ஒதுங்கியது. அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கம். பிறகு சிறகு ஒரு பக்கம் சாய்ந்தது, மூக்கு நேரானது, சக்கரம் தரையைத் தொட்டது.

தேர்வாளரை எல்லோரும் 'கல்லு' என்பார்கள், முகத்தில் ஒன்றும் தெரியாது. நேராக என்னிடம் வந்தார்.

"வலப்பக்கக் கன்ட்ரோல் வேலை செய்யுதாப்பா?"

"காலைலதான் பாத்தேன் சார். சரியா இருக்கு."

"முக்கால் மணி நேரமா அந்தம்மா அதைத் தொடவே இல்ல. கழண்டு கிடக்கோன்னு நினைச்சேன்."

போச்சு என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"கடைசியில நான் சொல்லாமலே ஓட்டுறதை விட்டுட்டேன். கை மட்டும் கன்ட்ரோல் மேல இருந்துச்சு. 'யார் கையில இருக்கு'ன்னு கேட்டாங்க. நான் பேசல. இன்னொரு தடவை கேட்டாங்க, அப்புறம் வாங்கிக்கிட்டாங்க. நிறையப் பேர் இதைக் கவனிக்கிறதே இல்ல. பாஸ் போட்டாச்சு. இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?"

நான் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறு வாரம் அறிவிப்புப் பலகையில் அக்காவின் பெயருக்கு நேரே முதல் மாணவியாக என் மகள் பெயர் இருந்தது. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவகிட்ட மட்டும் கொஞ்சம் சீக்கிரமாவே பிடுங்கிடேன்."

பெயர் வைத்தவனே இப்படிக் கேட்கிறானே என்று சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான்டா தோணுது. அதான் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் மகள் இடப்பக்கம் ஏறினாள், அக்கா வலப்பக்கம். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கதவை விடு தம்பி."

அப்போதுதான் கவனித்தேன், கதவின் பிடி இன்னும் என் கையில் இருந்தது.