காற்றுக் குழாய்க்குள் ஒரு சாரம்

கனடாவில், மில்லிக்கனில் சண்முகலிங்கம் வாங்கிய வீட்டின் பேஸ்மென்றில் ஒரு பெலற் அடுப்பு இருந்தது. மரத்தூளை அழுத்திக் குளிசை மாதிரிச் செய்த துண்டுகளை மூடை மூடையாகத் தின்று வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. அதைப் பூட்டித் தந்தவன் அன்புராசா. எண்பத்தேழில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருவரும் ஒரே மெத்தையில் ஷிப்ட் மாறி மாறிப் படுத்தெழும்பியவர்கள். அன்புராசாவுக்கு ஒரு அடுப்புக் கடையில் வேலை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, சுவரில் துளை போட்டு, புகை போக ஒரு குழாயும் நெருப்புக்கு வெளிக்காற்று வர ஒரு சின்னக் குழாயும் வைத்துவிட்டுப் போனான்.

மார்கழியில் சண்முகலிங்கம் அந்தச் சின்னக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரிக் கிடந்தது. வீட்டைச் சூடாக்க அடுப்பை வைத்துவிட்டு, குளிர் வர வாசலும் வைப்பார்களா? வீட்டில் இடுப்பில் கட்டும் பழைய சாரமொன்றைக் கிழித்து, வெளியே போய்க் குழாயின் வாய்க்குள் திணித்தார். யாழ்ப்பாணத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவருக்குக் குளிர் என்றால் அடைக்க வேண்டிய ஒன்று.

அன்றிலிருந்து அடுப்பில் கரி பிடித்தது. சுவாலை சோம்பிச் சிவந்து எரிந்தது. கண்ணாடி இரண்டே நாளில் கறுத்தது. பெலற் எரியும் இரும்புக் கிண்ணத்தின் அடியில் கரி கல்லாய் இறுகித் துளைகளை மூடியது. சனிக்கிழமை தோறும் அவர் ஸ்குரூடிரைவரால் அதைக் கிண்டுவார்.

"இஞ்சேருங்கோ, உந்தக் கறுத்தக் கையோட ஃபிரிட்ஜைத் தொடாதேங்கோ," என்று மனைவி ஜெயமலர் மேலே நின்று சத்தம் போடுவாள்.

அன்புராசா போனில் விசாரித்தான். "மச்சான், வெளிக்காத்துக் குழாய் திறந்துதானே கிடக்கு?"

சாரம் நினைவுக்கு வந்தது. குளிரை அடைத்ததற்கும் கரிக்கும் என்ன சம்பந்தம்? சொன்னால் சிரிப்பான் வேறு.

"ஓம், நீ வைச்ச மாதிரியே கிடக்கு."

"அப்ப பெலற் ஈரமாக்கும்."

வேறு மூடைகள் கொண்டுவந்தான். அடுப்பைக் கழற்றி இரண்டுதரம் துப்புரவாக்கினான். வெளியே சுவரோரம் இடுப்பளவு பனி. சிநேகிதன் சொன்னதை நம்பி, அங்கே போய்ப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறு மாசியில் சண்முகலிங்கத்தின் மகளுக்குப் பிறந்தநாள். பேஸ்மென்ற் நிறையச் சனம். அடுப்பிலிருந்து புகை கிளம்பியது.

"என்னண்ணை, கனடாவிலயும் பனையோலையோ எரிக்கிறியள்?" என்று ஒருவர் பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

சண்முகலிங்கத்துக்கு முகம் சுட்டது. "கடையில ஒருத்தரும் வாங்காமக் கிடந்ததை அன்புராசா என்ர தலையில கட்டிப்போட்டான்," என்றார்.

அன்புராசா ரோல்ஸ் தட்டோடு நின்றான். தட்டை மெல்ல வைத்தான். அடுப்பை நிறுத்தி, ஆறும்வரை பக்கத்திலேயே இருந்து, கிண்ணத்தைக் கழற்றிக் கடைசித் துளைவரை சுரண்டினான். போட்டிருந்தது புது வெள்ளைச் சேட்.

"நாளைக்கு எரியும்," என்றுவிட்டு ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு வரவில்லை. அவனே எடுக்கட்டும் என்று சண்முகலிங்கமும் போன் எடுக்கவில்லை. பங்குனியில் ஒரு காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், அன்புராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தான். எழும்பவில்லை. நாற்பத்தாறு வயது.

சித்திரையில் பனி கரைந்தது. சுவரோரம் குப்பை கூட்டிய ஜெயமலர் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உது உங்கட சாரமெல்லே? ஆர் உதுக்குள்ள அடைஞ்சது?"

சண்முகலிங்கம் வெளியே வந்து குனிந்தார். ஊறி நாறிப்போன துணியை இழுத்தெடுத்தார். கீழே போய் அடுப்பை மூட்டினார். சுவாலை மஞ்சளாய், துடிப்பாய் எழுந்தது. அடுத்த நாளும் கண்ணாடி கறுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் மல்வேர்னில், அன்புராசா வீட்டில் நடந்தது. பிறந்தநாளுக்கு வந்த அதே ஆட்கள் பந்தியில் இருந்தார்கள். ஆட்களுக்கு முன்னால் சொன்னதை ஆட்களுக்கு முன்னாலேயே திருப்பி எடுக்க வேண்டும் என்று சண்முகலிங்கம் மூன்று நாளாக நினைத்திருந்தார்.

"அந்த அடுப்பில ஒரு பிழையுமில்லை," என்றார். "நான்தான் காத்துக் குழாயை அடைச்சு வைச்சிருந்தனான். அண்டைக்கு அன்புராசாவைப் பேசினது என்ர பிழை."

பகிடி விட்டவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எந்த அடுப்பு, அண்ணை?"

ஒருவருக்கும் நினைவில்லை. பருப்புச் சட்டியோடு வந்த அன்புராசாவின் மனைவி நாகேஸ்வரி மட்டும் நின்றாள்.

"அந்த வெள்ளைச் சேட்டை நான் மூண்டுதரம் தோய்ச்சுப் பாத்தனான், அண்ணை," என்றாள். "கரி போகேல்லை. பரவாயில்லை, உங்கட வீட்டுக்குக் கரி துடைக்கப் போகேக்கை போடலாமெண்டு மடிச்சு வைச்சவர்."

சண்முகலிங்கத்தின் இலையில் பருப்பை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.