ரைஸ் குக்கர் மேல் வைத்த எம்.ஓ. டிஸ்க்

எம்.ஓ. டிஸ்க்கைச் சூடு காட்டினால் அதன் கொள்ளளவு கூடும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், என்னிடம் விஞ்ஞானம் இருந்தது.

ஈப்போவில் ஒரு சர்வேயர் ஆபீசில் பழைய தோட்டங்களின் பிளான்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாம் ஸ்கேன் செய்து எம்.ஓ. டிஸ்க்குகளில் இருக்கின்றன. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு தட்டு. லேசர் அதைச் சூடாக்கும், காந்தம் எழுதும். உலகமே அதை மறந்துவிட்டது, எங்கள் பாஸைத் தவிர. புது டிஸ்க் எங்கேயும் கிடைப்பதில்லை என்றால், "அப்ப இருக்கறதுலயே எடத்த கூட்டுலா" என்பார்.

டிஸ்க்கின் உறையில் 1.3 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. கணினி பாதியைத்தான் காட்டியது. மீதி எங்கே? இத்தனை வருடம் ஏர்கோன் அறைக் குளிரில் கிடந்ததில் தட்டு சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். ஒரு புதன்கிழமை மத்தியானம், சோறு வெந்துகொண்டிருந்த ரைஸ் குக்கர் மூடி மேல் துணி விரித்து, பதினாலாம் நம்பர் டிஸ்க்கை உட்கார வைத்தேன். அரை மணி நேரம். ஒரு எம்பிகூட ஏறவில்லை. சோறு நன்றாக வெந்திருந்தது.

மறுநாள் காலை சரசு அக்கா வந்தார். சுங்காய் பக்கம், ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். நிலத்தை வாங்கிய கம்பெனி, கோயில் தன் எல்லைக்குள் இருக்கிறது என்கிறது. கோயிலுக்கென்று தனித் துண்டு நிலமாக, தனி லாட்டாக, அளந்த பழைய பிளான் எங்களிடம்தான். அன்று மூன்று மணிக்கு அதை நில அலுவலகத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோயிலை உடைக்கத் தேதி குறித்துவிடுவார்கள்.

இண்டெக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். 'சுங்காய் கோயில் லாட்: டிஸ்க் 14.'

முந்தின நாள் குக்கர் மேல் உட்கார்ந்த அதே டிஸ்க்.

டிஸ்க்கைப் போட்டேன். பீடோர் பிளான் இருக்கிறது, லூமுட் பிளான் இருக்கிறது, சுங்காய் இல்லை. மூன்று தடவை பார்த்தும் இல்லை. கம்பெனிக்காரனுக்காவது கோயிலை உடைக்க புல்டோசர் தேவைப்படும். நான் ரைஸ் குக்கரை வைத்தே கோயிலை முடித்துவிட்டேன்.

"என்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சி? பிளான் இருக்கா, இல்லியா?"

"இருக்குக்கா. கொஞ்சம் சூடு ஆறணும்."

டிஸ்க்கை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு வராண்டாவுக்கு ஓடி, வெளிவேலையில் இருந்த பாஸுக்கு போன் போட்டேன்.

"பாஸ், டிஸ்க் சூடானா பிளான் அழிஞ்சிருமா?"

"எவ்ளோ சூடு?"

"சோறு வேகற அளவு."

"என்னாத்துக்குலா சோறு?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தால், டிஸ்க் அக்காவின் கையில். எங்கள் ஆபீசில் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்கேனர், பிரிண்டர், டிஸ்க் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். டிரைவில் போடும்போது பொட்டு வைத்த பக்கம் எப்போதும் மேலே. பொட்டு வைத்த முகத்தை யாராவது கவிழ்ப்பார்களா?

அக்கா காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி நெற்றியில் வைத்துக்கொண்டார். "கல்லாட்டம் காஞ்சி கெடக்கு. சந்தனத்துக்கு அடியில என்னமோ ஏ-ன்னு போட்டுருக்கு தம்பி."

"அது சும்மாக்கா."

"ஏ இருந்தா பி இருக்கணும்லா? பாட்டு கேசட்ட நீ திருப்பிப் போட்டதே இல்லியா?"

திருப்பினார். பி.

"அலாமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"படிச்ச புள்ளைலா நீ," என்றார் அக்கா. அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

பி பக்கத்தில் மூன்றாவது ஃபைலே சுங்காய். அவசரத்தில் பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டியதில் இரண்டு பிரதி எடுக்க வேண்டியது ஒன்பதாகிவிட்டது. "கமிட்டி மொத்தத்துக்கும் ஆச்சி," என்று ஒன்பதையும் அக்கா வாரிக்கொண்டு போனார். அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்காகக் கவிழ்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பி பக்கம் காலி. பாஸ் கேட்ட இடம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் சூடாக்கும் முன் திருப்பிப் பாருங்கள்.

டிஸ்க்குக்கு இரண்டு பக்கம். டிரைவ் ஒரு தடவைக்கு ஒரு பக்கத்தைத்தான் படிக்கும். இரண்டு பக்கமும் எழுதிய பழைய கிளார்க், எந்தப் பக்கம் என்று இண்டெக்ஸில் குறிக்காமல் ஓய்வு பெற்றுவிட்டார். ரைஸ் குக்கர் சூட்டில் எதுவும் அழியவில்லை. மூன்று மணிக்கு அக்கா பிளானைக் காட்டினார். கோயில் லாட் தனி என்று நில அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள்.