அனுப்புநர் மாறிய கார்டு

காலை ஆறு மணி. முதலில் கண்ணில் பட்டது, டீக்கடை பாய்லர் மேல் கிடந்த துடைப்பம். பாய்லரில் நெருப்பு இல்லை. கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி, கையில் ஒரு தபால் கார்டு.

எழுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் செய்தியாளனாக இருந்தபோது நான் தினமும் டீ குடித்த கடை அது. பக்கத்துக் கோட்டைக்குப்பத்து மீனவர்களின் கார்டுகளைத் தபால்காரர் அங்கேதான் கொடுப்பார். இறால் பருவத்தில் வெளியூர் போனவர்களுக்கு வருவதைக் கடைக்காரர் முகவரி மாற்றித் திரும்பத் தபால் பெட்டியில் போடுவார். பெறுநரின் பழைய ஊரை அடித்துப் புது ஊரை எழுதினால் போதும். அவர் அனுப்புநரையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுவார். கேட்டால், “இப்ப அனுப்புறது யாரு? நான்தானே?” என்பார்.

முந்தைய வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை, வெள்ளிக்குள் தெரியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் அப்பா எழுதியிருந்தார். கார்டு என்பதால் கடையில் எல்லோரும் படித்தோம். கார்டு வர வேண்டிய மாப்பிள்ளையின் அப்பா சூலூர்பேட்டைப் பக்கம் இறாலுக்குப் போயிருந்தார். கடைக்காரர் வழக்கம்போல இரண்டையும் அடித்து அனுப்பினார்.

அங்கே பதில் எழுதித் தந்த யாரோ, அனுப்புநர் என்று இருந்ததை அப்படியே பார்த்து எழுதிவிட்டார். அது வியாழன் மாலை கடைக்காரர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. நான் கடைக்குப் போனது மறுநாள், வெள்ளிக்கிழமை காலை.

மனைவி உரக்கப் படித்தார்: “உங்கள் பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பூ வைக்க வருகிறோம். இப்படிக்கு, மாப்பிள்ளை வீட்டார்.”

“நமக்கு ரெண்டும் பையன். இது எங்கய்யா பெத்த பொண்ணு?”

“அய்யோ, அது ஆரம்பாக்கத்துப் பொண்ணுடி!”

“ஓ, ஊரு பேரு வேற சொல்றியா?”

நடந்ததை நான் சொன்னேன்.

“நீங்க இங்க ஓசி டீ குடிக்கிற ஆளு சார். உங்க சாட்சி யாருக்கு வேணும்?”

கார்டிலிருந்த வட்ட முத்திரையைக் காட்டி, சூலூர்பேட்டை என்று படித்துச் சொன்னேன். முத்திரையைக் கடைக்காரரால் அடித்து எழுத முடியாது. மாப்பிள்ளையின் அப்பா அங்கே இருப்பது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

“சரி. அந்தப் பொண்ணு மூஞ்சி யாரு மாதிரி இருக்குதுன்னு நானே பாத்துடறேன். கெளம்புய்யா.”

முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். கார்டை அந்த அம்மா இடுப்பில் செருகிக்கொண்டார். அதைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு மாலையில் திரும்பியவர், “அவங்க அப்பா ஜாடைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாய்லர் மேலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கடையைப் பெருக்கினார்.

அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்தார்கள். அதன் பிறகு கடைக்கு வந்த கார்டுகளில் முகவரி மாற்றி எழுதியது மனைவிதான்.