பாத்திரம் ஆடினால் கேசரி

எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குக் கேசரி கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது; அதற்கு வேறு பலகாரங்கள் இருந்தன. பூமி ஆடினால்தான் கேசரி.

கோலார் தங்க வயலில் பூமி ஆடுவது பெரிய அதிசயமில்லை. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலம். தங்கத்தைத் தோண்டியெடுத்த ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். கீழே ஏதோ நடந்துவிட்டது என்று மேலே இருக்கிறவர்களுக்கு முதலில் சொல்வது அடுக்களைப் பாத்திரங்கள்தான். குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல அவை கிடுகிடுக்கும். பிறகு நிற்கும். நின்ற பிறகு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் முழுவதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்குக் கிடுகிடுப்பே தேவலை.

அம்மாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது இருக்கலாம். எனக்கு ஏழு. அவளுடைய சந்தோஷங்கள் மூன்று. ஒன்று, பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னுவது. இரண்டு, வாரப் பத்திரிகையில் வரும் சமையல் குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டுவது. பாதாமை நாங்கள் பார்த்ததே அந்த நோட்டில்தான். மூன்றாவது, அடுக்களைச் சுவரில் அறைந்திருந்த பலகை. அதன் விளிம்புக்குச் செய்தித்தாளைப் பூப்பூவாகக் கத்தரித்துத் தொங்கவிட்டு, எவர்சில்வர் பாத்திரங்களைப் பெரியதிலிருந்து சிறியதுவரை பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிறுத்துவதுபோல நிறுத்தி வைத்திருப்பாள். அவற்றோடு பேசவும் செய்வாள். “இன்னா, நீ மட்டும் கோணிகினு நிக்கிறே?” என்று ஒரு சொம்பின் தலையில் தட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

பாத்திரம் ஆடினால் மற்ற பெண்கள் தெருவுக்கு ஓடுவார்கள், சிலர் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கே ஓடுவார்கள். அம்மா மட்டும் ஸ்டவ்வைப் பற்றவைத்து ரவையை வறுப்பாள். அடுப்பில் இனிப்பு இருக்கிற வீட்டுக்குக் கெட்ட சேதி வராது என்பது அவள் கணக்கு. என் கணக்கு இன்னும் எளிமையானது: ஆடினால் கேசரி.

அது கோடை விடுமுறை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் காலை ஷிப்ட். ஒரு மாதமாகப் பூமி ஆடவில்லை. ஊரே அதற்காக மாரியம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் மனமுடைந்து கிடந்தேன். மூங்கில் தட்டியில் மண் பூசி வெள்ளையடித்த சுவர் எங்களுடையது. இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் பலகை. மல்லாந்து படுத்து இரண்டு காலாலும் மூன்று உதை விட்டேன். பூமியின் கையெழுத்தை நானே போட்டேன் என்று சொல்லலாம். சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசலாக இருந்தது.

வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு அறைக்கு வந்து, தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அடுப்புப் பக்கம் போவாள் என்று பார்த்தால், பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, உங்க வூட்ல பாத்திரம் ஆடிச்சா?”

“இல்லியேம்மா.”

“எங்க வூட்ல ஆடிச்சு.”

“உங்க வூட்ல மட்டுமா? நல்லா சொன்னே போ! பூனை கீனை பூந்திருக்கும், பாலைப் போய்ப் பாரு.” சிரிப்பு பாதியில் நின்றது. “அவுரு இன்னா ஷிப்ட்டு இன்னிக்கி?”

“பஸ்ட் ஷிப்ட்டு.”

பக்கத்து வீட்டு அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஷாப்ட் இருக்கிற திசையைப் பார்த்தாள்.

நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான். பூமி ஒரு வீட்டுக்காக மட்டும் ஆடாது. ஆடினால், அந்த வீட்டுக்கு மட்டும் சொல்ல அதனிடம் ஏதோ இருக்கிறது.

அம்மா ரவை வறுத்தாள். வறுக்கும்போது ரேடியோப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பது அவள் வழக்கம். அன்று வாய் திறக்கவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன், கைகால்களை மடக்கிக்கொண்டு. அப்போது வரிசையில் கடைசியாக நின்ற டம்ளர் தானாக நகர்ந்தது. காகிதப் பூவின் மேல் வழுக்கி, விழுந்து, வட்டமடித்து, அம்மாவின் பாதத்தைத் தொட்டு நின்றது. என் உதையில் அது விளிம்புக்கு வந்திருக்கும் என்று பிற்காலத்தில் பௌதிகம் படித்துச் சமாதானமடைந்தேன். ஆனால் டம்ளரில் ஒரு கீறல் விழுந்தாலே துக்கம் காக்கிற அம்மா, அதைக் குனிந்து எடுக்கவில்லை. பாதத்தை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டு, கிளறிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பௌதிகத்தில் பாடமில்லை.

ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. ஆட்கள் இரண்டிரண்டு பேராக லைனுக்குள் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக. பிறகு யாரும் வரவில்லை. அம்மா கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். அத்தை வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். தட்டில் கொட்டிய கேசரி ஆறி இறுகிக்கொண்டிருந்தது. இனி ஆயுளுக்கும் கேசரி தொடமாட்டேன் என்று மாரியம்மனிடம் சொன்னேன். அதை இப்போது டாக்டர்தான் நிறைவேற்றி வைத்திருக்கிறார்.

தெருமுனையில் அப்பா தெரிந்தார். சாதாரணமாக நடந்து வந்தார்.

“மேலே ஏறி வர்றப்போ கேஜு நடுவுல நின்னுபோச்சு. அரை மணி நேரம் இருட்டுல தொங்கிகினு இருந்தோம்” என்றார். உள்ளே வந்து தட்டைப் பார்த்தார். “இன்னா, ஆடிச்சா? கீழே ஒண்ணும் தெரியலியே!”

“சும்மாதான் பண்ணேன். சாப்புடுங்க.”

அத்தை வாயைத் திறந்தாள். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு போய்விட்டாள். அப்பா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் படுத்த பிறகு அம்மா ஈரத்துணியை என் கையில் கொடுத்துச் சுவரைக் காட்டினாள். செம்மண்ணில் இரண்டு உள்ளங்கால்கள், பத்து விரல்களோடு.

“தொடை. வந்தவொடனே பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுமா அத்தையைப் போய்க் கேட்டே? தெரிஞ்சுமா கேசரி பண்ணே?”

“யாரு ஆட்டினா இன்னாடா? ஆடினது ஆடினதுதானே.”

அப்பா படுத்திருந்த பக்கம் போய், அவர் மூச்சு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தாள். நான் பார்க்காமலில்லை. ஆனால் யார் ஆட்டினாலும் கேசரி உண்டு என்று அம்மாவே வாக்குக் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, சுவரைத் துடைத்தபடியே, அடுத்த உதைக்குக் கால்தடம் தெரியாத இடமாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.