சக்கரமில்லாத காருக்கு எலுமிச்சை

நாங்கள் சுங்கை பெசாரில் இருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே யாரோ செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டதைத் துண்டு துண்டாக வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதியோடு கிரீசும் இருக்கும். பொருத்தாத சீட்டைத் தரையில் போட்டு அதில்தான் தேநீர் குடிப்பார்.

எனக்கோ, ஒன்றரை வயது மகள் இன்னும் நடக்கவில்லையே என்ற கவலை.

ஆயுத பூசையன்று, செங்கல்மேல் நின்ற காருக்கு, சக்கரம் வரவேண்டிய இடங்களில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“சக்கரமே இல்லையே, அண்ணே?”

“வரும் லா, தங்கச்சி. பாப்பாவும் நடக்கும், இதுவும் ஓடும்.”

மகள் காரைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டுத் தள்ளாடி நடந்து, ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள்.

“அடடா, என்னை முந்திட்டாளே!”

நான் பதறி வேறு பழம் கொண்டுவந்தேன். அவர் கடித்த பழத்தையே திரும்ப வைத்தார்.

நாங்கள் ரவாங்குக்கு வீடு மாறும்வரை கார் நகரவில்லை. எச்சில் பழம் வைக்கலாமா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். கார் ஓடியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை.